50 + 50 = 96.5? கலந்தபின் கனஅளவு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

நள்ளிரவு நிரலர்:

வணக்கம். நான் வேதியியல் படித்தவன் இல்லை, நிரல் எழுதிப் பிழைப்பவன். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்காகச் சின்னதாக ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பொருள்களின் பெயரையும் அளவையும் கொடுத்தால், கலந்தபின் மொத்தம் எத்தனை மில்லி வரும் என்று அது சொல்ல வேண்டும். கூட்டல்தானே, அரைமணி நேர வேலை என்று நினைத்தேன்.

நண்பர் சிரித்தார். 50 மில்லி எத்தனாலையும் 50 மில்லி தண்ணீரையும் என் கண் முன்னாலேயே ஒரு மெஷரிங் ஜாரில் கலந்து காட்டினார். 100 வரவில்லை. 95.5 பக்கத்தில் நின்றுவிட்டது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை, நான் சாட்சி. மீதி எங்கே போனது?

உப்பிலும் இதே சந்தேகம். சோடியம் குளோரைடின் அடர்த்தி (ஒரு மில்லிக்கு எத்தனை கிராம்) 2.165 என்று பார்த்து, ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் போட்டால் 46 மில்லி கூடும் என்று நிரலில் எழுதி வைத்திருக்கிறேன். அதுவும் தப்பா? எல்லாப் பொருளுக்கும் செல்லுபடியாகும் ஒரே சூத்திரம் ஏதாவது இருக்கிறதா?

கூழாங்கல்:

ரொம்ப எளிது. ஒரு வாளி கூழாங்கல்லையும் ஒரு வாளி மணலையும் கலந்தால் இரண்டு வாளி வராது. கல் இடுக்குகளில் மணல் இறங்கிவிடும். அதேபோல எத்தனால் மூலக்கூறு பெரிது, நீர் மூலக்கூறு சிறிது. சிறியது பெரியதன் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பழைய தராசு:

இடுக்குக் கதை இருக்கட்டும், பிறகு வருகிறேன். முதலில் நிரலுக்கு வேண்டியது.

தம்பி, நீங்கள் கூட்டக் கூடாததைக் கூட்டிவிட்டீர்கள். கலக்கும்போது கூடிக்கொண்டு வருவது எடை மட்டுமே. கனஅளவுக்கு அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. அதனால் கணக்கு எப்போதும் எடை வழியாகத்தான் போக வேண்டும்: மொத்த எடை ÷ கலவையின் அடர்த்தி = கனஅளவு. கலவையின் அடர்த்தி என்பது அளந்து பட்டியல் போட்டு வைத்திருக்கும் எண். தனிப் பொருள்களின் அடர்த்தியை வைத்து நாமாக உண்டாக்கிக்கொள்வது அல்ல.

உங்கள் உதாரணத்தையே போட்டுப் பார்ப்போம். 20 டிகிரி செல்சியஸில் எத்தனாலின் அடர்த்தி 0.789, ஆகவே 50 மில்லி என்பது 39.5 கிராம். தண்ணீர் 0.998, ஆகவே 49.9 கிராம். மொத்தம் 89.4. அதில் எத்தனால் எடைப்படி 44 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தச் செறிவில் கலவையின் அடர்த்தி 0.9265 அளவில் இருக்கும். 89.4 ஐ அதனால் வகுத்தால் 96.5 மில்லி.

ஆக, காணாமல் போனது 3.5 மில்லிதான். உங்கள் ஜாரில் 95.5 என்கிறீர்கள். மீதி ஒரு மில்லி வேதியியல் இல்லை, கைவேலை. எப்படி அளந்தீர்கள்?

நள்ளிரவு நிரலர்:

இரண்டையும் தனித்தனி ஜாரில் 50 கோடு வரைக்கும் எடுத்து, மூன்றாவது ஜாரில் ஊற்றினார். கலக்கிய உடனே பார்த்தோம். ஜார் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது, சின்னச் சின்னக் குமிழ்களும் ஏறிக்கொண்டிருந்தன.

பழைய தராசு:

விடை அதிலேயே இருக்கிறது. ஜாரைக் கவிழ்த்தாலும் உட்சுவரில் ஒரு படலம் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு ஜார் என்றால் இரண்டு படலம். வெதுவெதுப்பாக இருக்கும்போது கலவை விரிந்திருப்பதால் அளவு கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். அப்படியிருந்தும் 95.5 என்றால், ஒட்டிக்கொண்டது நாம் நினைப்பதைவிட அதிகம்.

ஜாரைத் தராசின் மேலேயே வைத்து, சுழி ஆக்கி, தண்ணீரை 49.9 கிராம் வரைக்கும், பிறகு எத்தனாலை 39.5 கிராம் வரைக்கும் ஊற்றச் சொல்லுங்கள். மூடி வைத்து, 20 டிகிரிக்கு ஆறிய பிறகு பாருங்கள்.

அயனி:

> சிறியது பெரியதன் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது

கூழாங்கல் நண்பரே, இந்த உவமை எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். எத்தனாலுக்குப் பாதி பொருந்துகிறது என்பதற்காக எல்லா இடத்திலும் இதையே சொல்லிவிடுகிறோம்.

90 கிராம் தண்ணீரில் 10 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரையுங்கள். 20 டிகிரியில் அந்தக் கரைசலின் அடர்த்தி 1.1089. 100 கிராம் கரைசல் என்றால் 90.18 மில்லி. போடும் முன் இருந்த தண்ணீரோ 90.16 மில்லி. பத்து கிராம் திடப்பொருள் உள்ளே போயிருக்கிறது, மட்டம் அசையவே இல்லை! சரி, இடுக்கில் கச்சிதமாக அடங்கிவிட்டது என்பீர்கள். அடுத்ததைப் பாருங்கள். 99 கிராம் தண்ணீரில் 1 கிராம் சோடியம் கார்பனேட்: அடர்த்தி 1.0086, கனஅளவு 99.15 மில்லி. தண்ணீர் மட்டும் இருந்தபோது 99.18. போட்ட பிறகு *குறைந்திருக்கிறது*. கூழாங்கல் வாளியில் மணலைக் கொட்டினால் கூழாங்கல்லின் மட்டமே இறங்குமா?

எதிர்ப்பக்கமும் உண்டு. பென்சீனையும் சைக்ளோஹெக்சேனையும் சம மோல், அதாவது சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள், கலந்தால் கனஅளவு 0.65 சதவீதம் அளவுக்குக் *கூடும்*. இடுக்குக் கதையில் இதற்கு இடமே இல்லை.

அயனிகள் விஷயத்தில் நடப்பது வேறு. மின்னூட்டம் உள்ள அயனி தன்னைச் சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகளை இறுக்கி இழுத்துக்கொள்கிறது. சாதாரணத் தண்ணீர் நிறைய வெற்றிடத்தோடு தளர்வாகக் கோத்துக்கொண்டிருக்கிற அமைப்பு. அயனியைச் சுற்றி அந்தத் தளர்வு குலைந்து நீர் நெருங்கிவிடுகிறது. இதை 1894 இலேயே துரூடே, நெர்ன்ஸ்ட் என்ற இரண்டு அறிவியலாளர்களும் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். மின்னூட்டம் கூடினால் இழுப்பும் கூடும். இரட்டை மின்னூட்டமுள்ள கார்பனேட் மட்டத்தை இறக்குவதற்கு இதுதான் காரணம்.

கூழாங்கல்:

சரி, பாதி தோற்றேன். எனக்குப் படித்துக் கொடுத்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள், இத்தனை வருஷமாக நானும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெயரையும் மாற்றிக்கொள்ள வேண்டும் போல.

அப்படியென்றால் இப்படிச் சொல்லலாமா? சேரும்போது சூடு வந்தால் ஒன்றையொன்று இழுக்கிறது என்று பொருள், அதனால் சுருங்கும். குளிர்ந்தால் விரியும். எத்தனால், சோடியம் ஹைட்ராக்சைடு இரண்டும் சூடாகிச் சுருங்குகின்றன அல்லவா?

அயனி:

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சாதாரண உப்பே அதை உடைத்துவிடும். சோடியம் குளோரைடு கரையும்போது லேசாக வெப்பத்தை உறிஞ்சுகிறது, தண்ணீர் குளிர்கிறது. ஆனாலும் கனஅளவு சுருங்குகிறது. வெப்பக் கணக்கில் படிகத்தை உடைக்கும் செலவும் சேர்ந்து வரும். கனஅளவுக் கணக்கு தனி.

நள்ளிரவு நிரலர்:

உப்பு எவ்வளவு சுருங்குகிறது? என் 46 மில்லி தப்பு என்று புரிகிறது. சரியான எண் எது? அதைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன்.

அயனி:

ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் என்றால் சுமார் 32 மில்லி கூடும். ஆனால் 32 ஐ நிரலில் அப்படியே எழுதிவிட்டுத் தூங்கிவிடாதீர்கள், அங்கேதான் வம்பு. 20 டிகிரிப் பட்டியலில் இருந்து போட்டுக் காட்டுகிறேன்.

10 சதவீதக் கரைசல், அடர்த்தி 1.0707. 100 கிராமின் கனஅளவு 93.40 மில்லி. அதில் உள்ள 90 கிராம் தண்ணீரின் 90.16 மில்லியைக் கழித்தால் 3.24. ஆக ஒரு கிராம் உப்பு பிடித்துக்கொண்ட இடம் 0.324 மில்லி.

20 சதவீதத்தில் இதே கணக்குக்கு 0.349 வருகிறது. கிட்டத்தட்டத் தெவிட்டிய 26 சதவீதத்தில் 0.361. படிகமாக இருக்கும்போது 0.462.

உப்பு ஒன்றுதான், தண்ணீரும் அதேதான். ஆனால் ஒவ்வொரு செறிவிலும் வேறு வேறு எண். நீர்த்த கரைசலில் ஒவ்வொரு அயனிக்கும் இழுத்துக்கொள்ள நிறையத் தண்ணீர் இருக்கிறது. செறிவு கூடக் கூட, அதே தண்ணீரை எல்லா அயனிகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால் சுருக்கம் தளர்கிறது. இந்த எண்ணைத்தான் தோற்றக் கனஅளவு என்பார்கள். தண்ணீர் மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டு, பழியை எல்லாம் உப்பின் மேல் போடும் கணக்கு அது. உண்மையில் மாறுவது தண்ணீரும்தான்.

சர்க்கரை இவ்வளவு படுத்தாது. 100 கிராம் சர்க்கரை, 100 கிராம் தண்ணீர்: அடர்த்தி 1.2296, கனஅளவு 162.7 மில்லி. சர்க்கரையின் பங்கு கிராமுக்கு 0.625. படிகத்தில் 0.630. கிட்டத்தட்ட நேர்க்கூட்டலே போதும். அம்மோனியம் குளோரைடு எதிர்த்திசை: படிகத்தில் 0.655, 10 சதவீதக் கரைசலில் 0.70 க்குக் கொஞ்சம் மேல். கரைந்தபின் முன்பைவிட அதிக இடம் கேட்கிறது.

பிப்பெட் ராணி:

இழை நன்றாகப் போகிறது. சூத்திரத்துக்குப் போகும் முன் ஆய்வக மேசைப் பக்கம் ஒரு நிமிடம் வாருங்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான். "1 மோலார் உப்புக் கரைசல் தயார் செய்" என்றால், ஒரு லிட்டர் *கரைசலில்* ஒரு மோல், அதாவது 58.44 கிராம் உப்பு இருக்க வேண்டும். இவர்களோ 58.44 கிராமை எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். கிடைப்பது 1018 மில்லி. செறிவு 0.982 மோலார். கிட்டத்தட்ட 2 சதவீதப் பிழை, பிறகு டைட்ரேஷன் (தெரிந்த செறிவுள்ள கரைசலை வைத்து இன்னொன்றின் செறிவை அளப்பது) ஏன் ஒத்துப்போகவில்லை என்று நாள் முழுக்கத் தேடல். அதனால்தான் குறுகிய கழுத்தில் அளவுக்கோடு போட்ட ஸ்டாண்டர்டு பிளாஸ்க் என்று ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். குறைந்த தண்ணீரில் கரை, பிறகு கோடு வரைக்கும் நிரப்பு. சுருங்கினால் என்ன, விரிந்தால் என்ன, கோடு கோடுதான்.

அந்தப் பிளாஸ்க்கிலும் நான் ஒருமுறை சறுக்கினேன். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை நேரே பிளாஸ்க்கிலேயே போட்டு, கரைந்தவுடன், இன்னும் சூடாக இருக்கும்போதே கோடு வரைக்கும் நிரப்பிவிட்டேன். மெனிஸ்கஸ், அதாவது திரவத்தின் வளைந்த மேல்மட்டம், கோட்டின் மேல் அழகாக உட்கார்ந்திருந்தது. அன்று மாலையே அதில் கொஞ்சம் எடுத்துப் பயன்படுத்தியும் ஆகிவிட்டது. காலையில் வந்து, அதேபோலச் சூடாக நிரப்பித் தொடாமல் வைத்திருந்த இன்னொரு பிளாஸ்க்கைப் பார்க்கிறேன், மெனிஸ்கஸ் கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கடை இறங்கி நிற்கிறது. கழுத்துப் பகுதி குறுகல் என்பதால் கொஞ்சம் சுருங்கினாலும் நன்றாகத் தெரியும். முந்தைய நாள் எழுதிய எண்கள் எல்லாம் குப்பை. இப்போதெல்லாம் பீக்கரில் கரைத்து, ஆறவிட்டு, பிளாஸ்க்கில் ஊற்றி, பீக்கரை மூன்று முறை அலசி அதையும் சேர்த்து, அப்புறம்தான் கோடு.

நள்ளிரவு நிரலர்:

தராசு முறையில் இன்று திரும்பச் செய்தோம். ஆறிய பிறகு 96 க்கும் 97 க்கும் நடுவில் நிற்கிறது. பழைய தராசு சாருக்கு ஒரு கும்பிடு.

பிப்பெட் ராணி, கோடு வரைக்கும் நிரப்புவது சரி. ஆனால் நண்பருக்கு வேண்டியது "இன்னும் எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும்" என்கிற எண். பெரிய கலனில் செய்கிறார், அங்கே கோடு கிடையாது.

பிப்பெட் ராணி:

அப்படியென்றால் எத்தனால் நீர்த்தலை எடுத்துக்கொள்ளுங்கள், நிரலைச் சோதிக்க நல்ல கேள்வி. கனஅளவுப்படி 95 சதவீத எத்தனால் 100 மில்லி இருக்கிறது. 70 சதவீதம் ஆக்க எவ்வளவு தண்ணீர்?

பள்ளிக் கணக்கு: 95 ஐ 0.70 ஆல் வகுத்தால் 135.7 மில்லி வர வேண்டும். இருப்பது 100. ஆகவே 35.7 மில்லி தண்ணீர். தப்பு! சுருங்குவதால் அது போதாது. 95 சதவீதத்தின் அடர்த்தி 0.8114, அதாவது கையில் இருப்பது 81.1 கிராம். 70 சதவீதத்தின் அடர்த்தி 0.8856, ஆகவே 135.7 மில்லிக்கு 120.2 கிராம் வேண்டும். வித்தியாசம் 39 கிராம். தண்ணீர் 39.1 மில்லி சேர்க்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு கூடுதல். உங்கள் நிரல் 39.1 என்று சொன்னால் தேறியது, 35.7 என்றால் மறுதேர்வு.

பழைய தராசு:

சல்பூரிக் அமிலத்தையும் சோதனையில் சேருங்கள். 98 சதவீத அமிலம் 51 கிராம், அதாவது 27.8 மில்லி. தண்ணீர் 49.1 மில்லி. கூட்டினால் 76.9. ஆறிய பிறகு கிடைக்கும் 50 சதவீதக் கரைசலின் அடர்த்தி 1.395, கனஅளவு 71.7 மில்லி. ஐந்து மில்லி மாயம். சுருக்கத்தைப் பார்க்கும் ஆர்வத்தில் யாரும் இதை நேரில் செய்து பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எப்போதும் அமிலம்தான் தண்ணீருக்குள், கொஞ்சம் கொஞ்சமாக, குளிர வைத்துக்கொண்டே போக வேண்டும்.

நள்ளிரவு நிரலர்:

பட்டியல் இருக்கும் பொருளுக்கு வழி தெரிந்துவிட்டது. பட்டியல் இல்லாவிட்டால்? ஒருவேளை செறிவுக்கேற்ற சமன்பாடு ஏதாவது?

அயனி:

உண்டு, பகுதி மோலார் கனஅளவு என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரிய தொட்டி நிறைய ஒரு கலவை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மோல் தண்ணீரை, 18 மில்லியை, ஊற்றுகிறீர்கள். தொட்டியின் மட்டம் எத்தனை மில்லிக்கு ஏறுகிறதோ அதுதான் அந்தக் கலவையில் தண்ணீரின் பகுதி மோலார் கனஅளவு. தொட்டியில் இருப்பது சுத்தமான தண்ணீர் என்றால் 18 ஏறும். சுத்தமான எத்தனால் என்றால் 14 தான் ஏறும். ஊற்றியது அதே 18 மில்லி.

மொத்தக் கனஅளவு என்பது ஒவ்வொரு பொருளின் மோல் எண்ணிக்கையையும் *அந்தக் கலவையில்* அதற்குள்ள பகுதி மோலார் கனஅளவால் பெருக்கிக் கூட்டினால் வருவது. ஆக உங்கள் கூட்டல் முழுத் தப்பு இல்லை. கூட்டிய எண்கள்தான் தனிப் பொருளுடையவை, கலவையுடையவை அல்ல. இரண்டு பொருளின் எண்களும் தன்னிச்சையாக மாற முடியாது, கிப்ஸ்–டூயம் சமன்பாடு அவற்றைக் கட்டிப் போட்டிருக்கிறது. ஒன்றின் வளைகோடு தெரிந்தால் மற்றதைக் கண்டுபிடித்துவிடலாம்.

நிரலுக்கு நேரடியாக உதவுவது இரண்டு வழிகள். திரவக் கலவைகளுக்கு, நேர்க்கூட்டலில் இருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைப் பல்லுறுப்புக் கோவையாக எழுதும் ரெட்லிக்–கிஸ்டர் முறை, 1948 இல் வந்தது. நான்கைந்து கெழுக்களைச் சேமித்தால் முழு வளைகோடும் கையில். உப்புகளுக்கு அயனிவாரியான எண்கள். ஹைட்ரஜன் அயனிக்குச் சுழி என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரியில் மிக நீர்த்த கரைசலில் சோடியத்துக்கு மோலுக்கு -1.2, குளோரைடுக்கு 17.8 மில்லி. கூட்டினால் சோடியம் குளோரைடு 16.6. படிகமாக இருந்தபோது 27. செறிவு கூடும்போது இந்த எண் செறிவின் வர்க்கமூலத்தோடு நேர்கோட்டில் ஏறும் என்று 1929 இல் மாசன் காட்டினார். செறிவு ரொம்பக் கூடினால் அந்தக் கோடும் நம்ப முடியாது.

ஆனால் ஒன்று. ரெட்லிக்–கிஸ்டர் கெழுக்களும் யாரோ அளந்ததில் இருந்துதான் வருகின்றன. அளவீடே இல்லாத இரண்டு திரவங்களைக் கொடுத்து, சுருங்குமா விரியுமா என்று கேட்டால் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

கூழாங்கல்:

எத்தனால்–தண்ணீர் சுருக்கம் எந்த இடத்தில் உச்சம்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பழைய தராசு:

இதையே குடைந்துகொண்டிருந்தவர் மெண்டலீவ். தனிம அட்டவணைக்கு நான்கு வருஷம் முன்பு, 1865 இல், அவருடைய முனைவர் பட்ட ஆய்வே ஆல்கஹாலும் தண்ணீரும் சேர்வதைப் பற்றியதுதான். எடைப்படி 46 சதவீதத்தை ஒட்டி, ஒரு எத்தனாலுக்கு மூன்று நீர் மூலக்கூறு என்கிற விகிதத்தில், சுருக்கம் உச்சம் என்றார். 40 சதவீத வோட்காவை அவர்தான் நிர்ணயித்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது, அது வெறும் கதை. பாருங்கள், சம அளவு கலந்தபோது நமக்கு வந்தது 44 சதவீதம், உச்சத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம்.

நள்ளிரவு நிரலர்:

எல்லாரும் சொன்னதை வைத்து நிரலைத் திருப்பி எழுதிவிட்டேன். மில்லியைக் கேட்பதில்லை, கிராம்தான் கேட்கிறது. மில்லியில் கொடுத்தால் முதலில் கிராமாக மாற்றிக்கொள்கிறது. பிறகு செறிவு, அடர்த்திப் பட்டியல், வகுத்தல். பட்டியலில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழுந்தால் இடைமதிப்பு. பட்டியலே இல்லை என்றால் ஊகிக்காமல் "தெரியாது, அளந்து பார்" என்று சொல்லிவிடுகிறது. பிப்பெட் ராணியின் கேள்விக்கு 39.1 வந்தது, அமிலத்துக்கு 71.7.

பிப்பெட் ராணி:

தேறிவிட்டீர்கள். வெப்பநிலைக்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்களா? இங்கே அடர்த்தி எண்கள் எல்லாம் 20 டிகிரிக்கு. 30 டிகிரியில் எத்தனாலின் அடர்த்தி 0.781 தான். அங்கே 50 மில்லி எடுத்தால் 39.5 கிராம் வராது, 39 தான் வரும்.

நள்ளிரவு நிரலர்:

வைக்கவில்லை. இன்றைக்கும் தூக்கம் இல்லை.